வாரம் 22 மணி நேர வேலை, சரிகிற மதிப்பெண்: விடுவதா, குறைப்பதா?

நள்ளிரவுப்பறவை எழுதியது:

இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். பத்து மாதமாக ஒரு சரக்குக் கிடங்கில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. வாரத்துக்கு நான்கு ஷிப்ட், கூட்டினால் 22 மணி நேரம். வேலைக்குச் சேரும் முன் என் மதிப்பெண் 81 சதவீதம். சேர்ந்தபின் வந்த முதல் செமஸ்டரில் 76. போன வாரம் வந்த முடிவில் 69.

எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. தோற்றிருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்திருப்பேனோ என்னவோ. இது படியிறங்குவது போல நிதானமாக இறங்குகிறது.

எனக்குப் புரியாதது ஒன்று. வேலையால் படிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் எழுதி வைத்துக் கணக்குப் பார்த்தேன். முன்பு வகுப்புக்கு வெளியே வாரம் 17 மணி நேரம் படித்தேன், இப்போது 14. மூன்று மணி நேரம் குறைந்ததற்கா 12 மதிப்பெண் போனது? புத்தகம் திறந்திருக்கிறது, நானும் அதன் முன்னால்தான் இருக்கிறேன், ஒரே பக்கத்தை மூன்று முறை வாசிக்கிறேன். எதையோ மறந்துவிட்டது போல எப்போதும் ஒரு படபடப்பு.

கட்டணத்தில் பாதி இந்த வேலையிலிருந்துதான் போகிறது. எத்தனை மணி நேரம்வரை தாங்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நூலகத்தூண் எழுதியது:

வாரம் 20 மணி நேரம் என்பதை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முதலாண்டு மாணவர்களைப் பற்றி கேரி பைக், ஜார்ஜ் கூ ஆகியோர் 2008ல் வெளியிட்ட ஆய்வில், 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது. அதற்குள் இருந்தவர்களிடம் அப்படிப்பட்ட சரிவு தெரியவில்லை. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் நன்மைகூட இருந்தது, கல்லூரியோடு அவர்களுக்கு ஒட்டுதல் கூடியதால்.

அலெக்சாண்டர் ஆஸ்டின் இதை 1993லேயே சொல்லிவிட்டார். வளாகத்துக்குள் பகுதிநேர வேலை படிப்பை முடிக்க உதவுகிறது, வெளியே முழுநேர வேலை அதைக் கெடுக்கிறது என்பது அவர் கண்டது. நான் மூன்று வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன். வாரம் 12 மணி நேரம். தேர்வு வந்தால் நூலகரே "போய்ப் படி" என்று அனுப்பிவிடுவார். நான்கு மணி நேரத்தைக் குறையுங்கள், சரியாகிவிடும்.

---

நேர்வழி எழுதியது:

இரண்டு படகில் கால் வைத்தால் இப்படித்தான். கடன் வாங்கிப் படியுங்கள், வேலை கிடைத்ததும் அடைக்கலாம். சான்றிதழில் உள்ள மதிப்பெண் ஆயுசுக்கும் கூடவே வரும்.

---

மூட்டைதூக்கி எழுதியது:

கடனும் கூடவேதான் வரும் ஐயா. வட்டியையும் அழைத்துக்கொண்டு.

கட்டணத்தில் பாதி இந்த வேலையிலிருந்துதான் போகிறது என்று அவர் முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

---

ஐயக்கண் எழுதியது:

நூலகத்தூண் சொன்ன 20 மணி நேரக் கோட்டைப் பலரும் வேதவாக்காகச் சொல்வதால் இதை எழுதுகிறேன். வாரம் 25 மணி நேரம் உழைப்பவரும் 10 மணி நேரம் உழைப்பவரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்லர். அதிகம் உழைப்பவருக்குப் பணத்தேவை அதிகம், வீட்டில் வேறு பொறுப்பும் இருக்கலாம். அவர் மதிப்பெண் குறைந்தால் காரணம் வேலையா, வேலைக்குத் துரத்திய நிலைமையா? தலைகீழாகவும் நடக்கும். படிப்பில் ஏற்கெனவே மனம் விட்டுப்போனவர் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்குவார். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்க முயல்கிறார்கள், ஆனால் மனத்தில் இருப்பதை எந்தப் படிவத்திலும் முழுதாக அளக்க முடியாது.

இந்தச் சிக்கலுக்குள் நன்றாகக் கைவைத்தது எனக்குத் தெரிந்து ஒரு ஆய்வுதான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று உண்டு. 1855ல் தொடங்கியது. கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, அதற்குப் பதில் எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். முதலாண்டில் யாருக்கு எந்த வேலை என்பதைக் கல்லூரியே ஒதுக்கும். சில வேலைகளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் செய்ய வாய்ப்பு இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதாவது, கூடுதல் நேரம் என்பது ஓரளவு அதிர்ஷ்டத்தால் விழுகிறது. ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர், டாட் ஸ்டைன்பிரிக்னர் இருவரும் இதைப் பிடித்துக்கொண்டு 2003ல் கணக்குப் போட்டார்கள். சும்மா ஒப்பிட்டபோது கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு, வேலை ஒதுக்கீட்டைக் கணக்கில் கொண்டதும் தெளிவாகத் தெரிந்தது. கூடுதல் வேலை நேரம் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்கிறது.

கவனியுங்கள், அது வளாகத்துக்குள்ளேயே, 10 மணி நேரத்தைச் சுற்றியே நடந்த கதை. 20க்குக் கீழே வந்துவிட்டால் பயமில்லை என்று அதைப் படித்தபின் என்னால் சொல்ல முடியவில்லை. 19ல் ஒன்றும் இல்லை, 21ல் கவிழ்ந்துவிடும் என்று உடம்பு எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

---

சிவப்பு_மை எழுதியது:

நான் கல்லூரி ஆசிரியை. பதினாறு வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் மாணவர்களிடம் முதலில் குறைவது மதிப்பெண் அல்ல. முதலில் நிற்பது, வகுப்பு முடிந்தபின் மேசையருகே வந்து கேள்வி கேட்பது. அடுத்து, நண்பர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது நிற்கும். பிறகு பாடத் தேர்வு மாறும். பிடித்த பாடத்தை விட்டுவிட்டு ஷிப்டுக்கு இடைஞ்சல் இல்லாத பாடத்தை எடுப்பார்கள். குழுவாகச் செய்யும் வேலையில் "என் பகுதியை அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள், அனுப்பியும் விடுவார்கள், ஆனால் மற்றவர்கள் விவாதித்ததில் ஒரு வரிகூட அவர்கள் காதில் விழுந்திருக்காது. மதிப்பெண் குறைவது இதற்கெல்லாம் கடைசியில். அதனால்தான் தம்பி, மூன்று மணி நேரத்துக்கும் 12 மதிப்பெண்ணுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. நீங்கள் எண்ணியது தனியாகப் படித்த நேரத்தை மட்டும். நடைபாதையில் நின்று "அந்த மூன்றாவது கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்ட பத்து நிமிடத்தை யாரும் படிப்பு நேரமாக எழுதி வைப்பதில்லை.

இன்னொன்று. முழுநேரப் படிப்பு என்று சொல்கிறோமே, அதில் "முழுநேரம்" என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐரோப்பியக் கல்வி முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆண்டுக்கு 60 கிரெடிட். 1,500 முதல் 1,800 மணி நேரம் வருகிறது. நாற்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் நாற்பது மணி நேரத்தைத் தொடும். அதன்மேல் உங்கள் 22ஐ வையுங்கள். அலுவலகத்தில் ஒருவரை வாரம் 60 மணி நேரம் வேலை வாங்கினால் கொடுமை என்போம். மாணவர் செய்தால் "நேர மேலாண்மை" பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் தவறு. என்னிடம் படித்தவர்களில் ஆய்வகக் குறிப்பேட்டை மிக ஒழுங்காக வைத்திருந்தவள் அதிகாலையில் செய்தித்தாள் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனவள். வருடம் முழுக்க அதே நேரம், அதே இடம். அவள் ஒருநாளும் வகுப்பில் தூங்கியதில்லை.

---

எட்டுமணி எழுதியது:

வேலைதான் என்னைப் படிக்க வைத்தது. சும்மா இருந்த முதல் ஆண்டில் இரண்டு அரியர். வேலைக்குப் போனபின் ஒன்றுகூட இல்லை. நாளெல்லாம் கையில் இருந்தபோது நாளெல்லாம் தள்ளிப்போட்டேன். கையில் இரண்டு மணி நேரம்தான் என்றானபோது புத்தகத்தை எடுத்தேன். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வேலை அவ்வளவுக்கும் வீங்கிக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955ல் எழுதியது என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தகவல். அமெரிக்காவில் முழுநேர மாணவர்கள் வகுப்பையும் சேர்த்து 1961ல் வாரம் சுமார் 40 மணி நேரம் படிப்புக்குக் கொடுத்தார்கள், 2003ல் சுமார் 27 மணி நேரம். பாப்காக், மார்க்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் காட்டியது. முக்கியமானது என்னவென்றால், வேலைக்குப் போகாதவர்களிடமும் இந்தச் சரிவு இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் வேலையின் தலையில் கட்ட வேண்டாம்.

---

ஐயக்கண் எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் எட்டுமணி, உங்கள் வேலை எப்படிப்பட்டது? தினமும் ஒரே நேரமா?

---

எட்டுமணி எழுதியது:

ஆமாம். மாலை 5 முதல் 8 வரை, திங்கள் முதல் வெள்ளி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. ஏன் கேட்கிறீர்கள்?

---

ஐயக்கண் எழுதியது:

காரணம் இருக்கிறது. நள்ளிரவுப்பறவை தன் அட்டவணையைப் போட்டால் பேசலாம்.

---

நள்ளிரவுப்பறவை எழுதியது:

போன வாரம்:

திங்கள்: வகுப்பு 9 முதல் 4 வரை. ஷிப்ட் மாலை 5.30 முதல் 11 வரை. வீடு சேர 12. உடனே தூக்கம் வராது, ஒன்றரை ஆகிவிடும்.
செவ்வாய்: காலை 8 மணிக்கு ஆய்வகம். மாலை ஓய்வு என்று இருந்தது. மூன்று மணிக்கு "இன்று ஆள் இல்லை, வர முடியுமா?" என்று செய்தி. போனேன்.
புதன்: வேலை இல்லை. படிக்கலாம் என்று உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.
வியாழன்: வகுப்பு. இரவு 9 மணிக்கு அடுத்த வாரப் பட்டியல் வரும். அது வரும்வரை எதிலும் மனம் நிற்காது. வந்தபின் யாரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரம் செய்தி அனுப்புவதில் போகும்.
வெள்ளி: மாலை ஷிப்ட்.
சனி: காலை 6 மணிக்கு ஷிப்ட்.
ஞாயிறு: அசைன்மென்ட்.

வாரம் 14 மணி நேரம் படித்தேன் என்றேன் அல்லவா, அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது துண்டு. நீளமான துண்டு ஞாயிறு மதியம், இரண்டரை மணி நேரம். மற்றதெல்லாம் முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். முன்பு 17 மணி நேரம் படித்தபோது ஆறோ ஏழோ துண்டுதான் இருந்திருக்கும்.

இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

---

ஐயக்கண் எழுதியது:

இதற்குத்தான் கேட்டேன். எட்டுமணி வாரம் 15 மணி நேரம், நீங்கள் 22. வித்தியாசம் ஏழு மணி நேரம் மட்டும் என்று தாளில் தெரியும். ஆனால் அவருடைய வேலைக்குக் கரை இருக்கிறது. உங்களுடையது கரை உடைந்த குளம். வேலை இல்லாத புதனும் வியாழனும்கூட வேலையால்தான் போயிருக்கின்றன.

ராபர்ட் கராசெக் 1979ல் சொன்னது இங்கே பொருந்தும். பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை தனக்கு இல்லை, இந்த இரண்டும் சேரும்போதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அவர் ஆராய்ந்தது வேலைக்குப் போகும் பெரியவர்களை. மாணவருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் தேர்வுத் தேதியும் அவர் கையில் இல்லை, ஷிப்ட் பட்டியலும் அவர் கையில் இல்லை.

வாசித்த பக்கத்தையே மறுபடி வாசிப்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. முடிக்காத ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009ல் எழுதினார். கவன மிச்சம் என்று சொல்லலாம். பத்தொன்பது துண்டு என்றால் பத்தொன்பது முறை அந்த மிச்சத்தைக் கரைத்தாக வேண்டும்.

---

தூக்கமே_துணை எழுதியது:

எல்லாரும் படிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். திங்கள் இரவு ஒன்றரைக்குப் படுத்து செவ்வாய் எட்டு மணி ஆய்வகம். சனி காலை ஆறு மணிக்கு ஷிப்ட் என்றால் ஐந்துக்காவது எழ வேண்டும். இந்த வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். கற்றது நினைவில் படிவதே தூக்கத்தில்தான்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அறிமுக வேதியியல் வகுப்பு மாணவர்களின் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டி ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்தார்கள், முடிவு 2019ல் வந்தது. வேதியியல் என்பதால் உங்களுக்கு நெருக்கம்! தேர்வுக்கு முந்தைய ஒரே ஒரு இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரமும் மாதமும் எப்படித் தூங்கினார்கள், எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. மாணவருக்கு மாணவர் மதிப்பெண் வேறுபட்டதில் ஏறக்குறைய கால் பங்கு தூக்க அளவுகளோடு சேர்ந்து போனது. காரணம் இதுதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஐயக்கண் அடிக்க வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தேர்வு வாரத்துக்கு மட்டும் விடுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

துண்டு நேரத்தை வீணாக்காமல் இருக்க ஒரு வழி: முப்பது நிமிடத்தில் புதுப் பாடம் வாசிக்காதீர்கள், ஏறாது. வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் 2006ல் காட்டினார்கள். சின்னத் துண்டுக்கு அது நன்றாகப் பொருந்தும். புதுப் பாடத்தை ஞாயிறு இரண்டரை மணி நேரத்துக்கு வையுங்கள்.

---

எல்லைதாண்டி எழுதியது:

வெளிநாட்டில் படிப்பவன். எங்களுக்கு மணி நேர வரம்பைச் சட்டமே போட்டுவிடுகிறது. செமஸ்டர் நடக்கும்போது பிரிட்டனில் பட்டப்படிப்பு விசாவில் வாரம் 20, கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரம் 24, ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48. எந்த நாட்டு எண்ணும் இன்னொன்றோடு ஒத்துப்போகாததைப் பார்த்தாலே தெரியும், மாணவன் மூளை எவ்வளவு தாங்கும் என்று அளந்து போட்டவை அல்ல இவை. இரண்டு வாரத்துக்கு 48 என்றால் ஒரு வாரம் 40, அடுத்த வாரம் 8 என்றும் வாங்கலாம். அந்த 40 மணி நேர வாரத்தில் தேர்வு வந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

---

பட்டியல்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. நான் ஏழு வருடம் ஷிப்ட் பட்டியல் போட்ட சூப்பர்வைசர். கிடங்கு அல்ல, ஆனால் வேலை அதே மாதிரிதான்.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். அடுத்த வாரம் எவ்வளவு சரக்கு வரும் என்று மேலிருந்து ஒரு மதிப்பீடு வரும், தாமதமாகவே வரும். முதலில் வரமுடியாத நேரத்தை எழுதிக் கொடுத்தவர்களின் கட்டங்களை நிரப்புவேன், அவர்களிடம் எனக்கு வேறு வழியில்லை. பிறகு மிச்சமிருக்கும் ஓட்டைகளை "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்று சொன்னவர்களை வைத்து அடைப்பேன். மாணவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயம். கடைசி நேரத்தில் ஆள் இல்லையென்றால் போன தடவை "சரி" என்று சொன்னவருக்குத்தான் முதல் அழைப்பு போகும். மூன்று முறை சரி என்றவர் நான்காம் முறையும் கூப்பிடப்படுவார். அதில் வன்மம் ஒன்றும் இல்லை, எனக்குக் கைபேசியில் மேலே இருக்கும் பெயர் அதுதான். இன்று யோசித்தால் கூசுகிறது, அன்று யோசிக்கவில்லை.

தம்பி, நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போகாதீர்கள். "மணி குறைக்க வேண்டும்" என்று வந்தால் சூப்பர்வைசர் காதில் "இவன் போகப்போகிறான்" என்று விழும். இன்னின்ன நாள், இன்ன நேரம், செமஸ்டர் முடியும்வரை மாறாமல் வருவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தேர்வுத் தேதிகளை அதிலேயே சேர்த்துவிடுங்கள். நிச்சயமாக வரும் ஒரு ஆள், வந்தாலும் வரலாம் என்ற இரண்டு ஆளைவிட எனக்கு மேல். அப்படிக் கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கேட்டவர்கள் ஏழு வருடத்தில் நான்கைந்து பேர்தான்.

சனி காலை ஷிப்டுக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். அதை நீங்களே கேட்டு வாங்குங்கள், பதிலுக்குச் செவ்வாயைக் கேளுங்கள்.

---

மூட்டைதூக்கி எழுதியது:

எல்லா சூப்பர்வைசரும் உங்களைப் போல இருந்தால் சரி. எங்கள் இடத்தில் இப்படித் தாள் நீட்டியவருக்கு அடுத்த வாரம் ஒரே ஒரு ஷிப்ட் வந்தது. அவர் தானாகவே நின்றுவிட்டார். கேட்கும் முன் அங்கே இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறார்களா, என்ன ஆனது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

---

பட்டியல்காரன் எழுதியது:

அதுவும் நடக்கும். மறைக்கவில்லை.

---

சிவப்பு_மை எழுதியது:

தம்பி, நிலையான பட்டியல் கிடைத்தால் முதல் வேலையாக உங்கள் ஆசிரியர்களில் ஒருவரிடமாவது போய் இந்த நேரங்களில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவையுங்கள். சலுகைக்காக அல்ல. பாதிப்பேர் சொல்வதே இல்லை, நாங்கள் அக்கறையில்லாத பிள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் கட்டியிருக்கிறேன்.

---

நள்ளிரவுப்பறவை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பதில் எழுதியவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று வந்தேன்.

மூட்டைதூக்கி அண்ணன் சொன்னபடி விசாரித்தேன். இதுவரை யாருமே கேட்டதில்லையாம். நானே கேட்டேன். தாளை வாங்கிய சூப்பர்வைசர் இரண்டு நாள் பேசவில்லை, அந்த இரண்டு நாளும் தூக்கம் போனது வேறு கதை. பிறகு கூப்பிட்டார். திங்கள், வெள்ளி மாலை, சனி காலை, ஞாயிறு காலை என்று முடிவானது. ஞாயிறு நான் கேட்காதது, அதைக் கொடுத்துத்தான் செவ்வாயை வாங்கினேன். மணி 21. ஒன்றுதான் குறைந்திருக்கிறது. தேர்வு வாரங்களைப் பற்றி "அப்போது பார்க்கலாம்" என்றார்.

செவ்வாயும் புதனும் மாலை முழுதாகக் கையில் இருக்கின்றன. முதல் செவ்வாய் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன். இரண்டாவது செவ்வாய் வெப்ப இயக்கவியலில் ஒரு அத்தியாயத்தை உட்கார்ந்த இடத்தில் முடித்தேன். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு இப்போதும் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது.

மதிப்பெண் பற்றிச் செமஸ்டர் முடிந்தால்தான் தெரியும்.

---

பட்டியல்காரன் எழுதியது:

"அப்போது பார்க்கலாம்" என்பது நானும் நிறைய முறை சொன்ன வாக்கியம். தேர்வுத் தேதி வந்த அன்றே போய் நில்லுங்கள், பட்டியல் போட்டபின் போகாதீர்கள். செவ்வாய் வராததை எழுத்தில் வாங்கினீர்களா?

---

நள்ளிரவுப்பறவை எழுதியது:

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் அண்ணா. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.